ராஜினாமா எழுதிக் கேட்கிறார்கள்: ஈஎஸ்ஐ வேலையிழப்பு உதவி கிடைக்குமா?

லேத்துப்பட்டறை:
கோவையில் சிஎன்சி ஆபரேட்டர். நாலு வருடமாக ஒரே கம்பெனி, சம்பளம் 18,000, ஈஎஸ்ஐ, பிஎஃப் இரண்டும் பிடிக்கிறார்கள். ஆர்டர் இல்லை என்று மாதக் கடைசியோடு பன்னிரண்டு பேரை நிறுத்துகிறார்கள். ராஜினாமா எழுதிக் கொடுத்தால் செட்டில்மென்ட் சீக்கிரம் வருமாம். ஈஎஸ்ஐயில் மூன்று மாதம் பாதிச் சம்பளம் தருவதாகச் சொல்கிறார்களே, எனக்கு எவ்வளவு வரும்? பிஎஃப் பணத்தை இப்போதே எடுக்கலாமா?

பேரோல்மேசை:
முதலில் அந்த ராஜினாமாவில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், அதோடு முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் கம்பெனி தர வேண்டும். நீங்களாக விலகியதாக எழுதிவிட்டால் இரண்டுமே போச்சு. கடிதத்தில் 'லே-ஆஃப்' என்று போட்டாலும் 'ஆட்குறைப்பு' என்று மாற்றித் தரச் சொல்லுங்கள். பேச்சில் எல்லாம் ஒன்றுதான். சட்டத்தில் லே-ஆஃப் என்பது தற்காலிகமாக வேலை தராமல் இருப்பது.

ஈஎஸ்ஐக்கு மாதாமாதம் தாக்கல் செய்யும் கணக்கில் கம்பெனி உங்கள் பெயருக்கு எதிரே காரணக் குறியீடு போடும். 2 என்றால் 'வேலையை விட்டார்', 10 என்றால் 'ஆட்குறைப்பு'. பழக்கதோஷத்தில் எல்லாருக்கும் 2 போட்டுவிடுவார்கள், நீங்களாக விலகியது போல் ஆகிவிடும். தாக்கல் ஆவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், அப்புறம் திருத்த அலைய வேண்டும்.

நாலு வருடத்துக்கு மேல் 240 நாள் ஆகியிருந்தால் கிராஜுவிட்டியும் (ஐந்து வருடம் வேலை பார்த்தவருக்கான பணிக்கொடை) கேளுங்கள். சென்னை உயர் நீதிமன்றம் அதை ஐந்து வருடமாக ஏற்றிருக்கிறது.

ஈஎஸ்ஐ_வரிசை:
நீங்கள் கேட்பது அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா. கணக்கு இப்படி: கடைசி நாலு பங்களிப்புக் காலத்தின் (ஒன்று ஆறு மாதம், ஆக இரண்டு வருடம்) மொத்தச் சம்பளத்தை 730 நாளால் வகுத்து, அதில் பாதி. இரண்டு வருடமும் 18,000 என்றால் 4,32,000 ÷ 730 = சுமார் 592; பாதி 296. 90 நாளுக்கு ஏறக்குறைய 26,600 ரூபாய். ஆக, மாதம் 9,000க்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் சம்பளமில்லா விடுப்பு இருந்தாலும் வகுப்பது 730தான், தொகை இறங்கும்.

பங்களிப்புக் காலம் என்பது ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச். வேலை போனதற்கு முந்தைய காலத்தில் 78 நாளாவது பங்களிப்பு வேண்டும். அதற்கு முந்தைய மூன்றில் ஏதாவது ஒன்றிலும் 78 நாள். வேலை போய் 30 நாள் கழித்து ஈஎஸ்ஐ தளத்தில் உங்கள் ஐபி (காப்பீட்டாளர்) லாகினில் நீங்களே விண்ணப்பிக்கலாம், கம்பெனி கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டாம். வாழ்நாளுக்கு ஒருமுறைதான். திட்டத்தை அவ்வப்போது நீட்டிக்கிறார்கள் என்பதால் கிளை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் மாட்டுவது பெயரில்தான். ஆதாரில் இனிஷியல் பின்னால், ஈஎஸ்ஐயில் முன்னால், பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுசாக. வேலையில் இருக்கும்போதே சரிசெய்துவிடுங்கள்.

பேரோல்மேசை:
பிஎஃப் பற்றி விட்டுவிட்டேன். விலகிய தேதி ஏறாமல் கடைசி செட்டில்மென்ட் நகராது. கம்பெனி ஏற்றாவிட்டால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து ஆதார் ஓடிபி வைத்து நீங்களே ஏற்றலாம். 2025 அக்டோபரில் பிஎஃப் அறங்காவலர் குழு எடுத்த முடிவுப்படி 75 சதவீதம் உடனே, மீதி 12 மாதம் கழித்து. நீங்களாக வேலையை விட்டு, ஐந்து வருடம் நிரம்பாமல் 50,000க்கு மேல் எடுத்தால் 10 சதவீதம் வரி பிடிப்பார்கள். வேறு வேலை கிடைக்கும் என்றால் தொடாமல் மாற்றிக்கொள்வதே மேல்.

லேத்துப்பட்டறை:
வேலைவாய்ப்பு அலுவலக உதவித்தொகைக்கும் சேர்த்துப் போடலாமா?

ஈஎஸ்ஐ_வரிசை:
அது வேறு. பதிந்து ஐந்து வருடம் காத்திருந்தவர்களுக்குத்தான். பட்டதாரிக்கே மாதம் 600. ஆனால் அந்த அலுவலகம் வெள்ளிக்கிழமைகளில் வைக்கும் தனியார் வேலை முகாமுக்குப் போங்கள், மெஷின் ஷாப்காரர்கள் வருவார்கள். எந்தக் கன்ட்ரோலர், செட்டிங் தெரியுமா, டிராயிங் படிப்பீர்களா என்பதைப் பயோடேட்டாவின் முதல் வரியிலேயே போடுங்கள். சேரும்போது பழைய ஐபி எண்ணையும் (ஈஎஸ்ஐ எண்) யுஏஎன்னையும் (பிஎஃப் எண்) கொடுங்கள். புது எண் போட்டுவிட்டால் பங்களிப்பு இரண்டாக உடைந்து நிற்கும்.