எம்பி3 பிளேயர்ல பாதி பாட்டு பாட மாட்டேங்குது, அவசரம், தெரிஞ்சவங்க சொல்லுங்க

கரூர்ப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்குன்னு சின்னதா ஒரு எம்பி3 பிளேயர் வாங்கி கார்டு போட்டு பாட்டெல்லாம் ஏத்திட்டேன். கொஞ்சம் பாட்டு நல்லா பாடுது, மீதிய அமுக்குனா 0:00ன்னு காமிச்சிட்டு அடுத்ததுக்கு தாவிடுது, ஒண்ணு ரெண்டு பாடிட்டு இருக்கும்போதே கர்ருனு சத்தம் வந்து நின்னு போகுது. பேரு மட்டும் லிஸ்ட்ல சரியாத்தான் இருக்கு. அப்பாவுக்கு கண்ணு ஆபரேஷன் ஆகியிருக்கு, கொஞ்ச நாளைக்கு போனையே பாக்க வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாரு, அதான் தடவிப் பாத்தே அமுக்குற மாதிரி பட்டன் வச்சதா தேடிப் புடிச்சு வாங்குனேன். பிளேயர் கோளாறா இது? நாளையோட ரிட்டன் டைம் முடியுது, திருப்பி அனுப்பவா வேணாமான்னு மட்டுமாவது சொல்லுங்க ப்ளீஸ்

சர்க்யூட்சாமி:
என்ன மாடல், கார்டு எத்தனை ஜிபி, பாட்டு எம்பி3யா, இல்ல தரம் குறையாம சுருக்குற ஃபிளாக்கா, எதுல இருந்து காப்பி பண்ணீங்க? இது நாலும் தெரியாம ஒண்ணும் சொல்ல முடியாதும்மா.

ஓல்டுஸ்டாக்:
இந்தக் கேள்வி இங்க வராத மாசமே கிடையாது, கேக்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் தேடிப் பாக்குற பழக்கம் வரணும். 32 ஜிபி வரைக்கும் கார்டு ஃபேட்32ன்ற ஃபைல் அடுக்குற முறைல வரும், 64ல இருந்து எக்ஸ்ஃபேட்ல தான் வரும், சின்ன பிளேயர் பலதுக்கு எக்ஸ்ஃபேட் புரியாது. விண்டோஸ்ல ரைட் கிளிக் பண்ணி ஃபார்மட் போனா 32 ஜிபிக்கு மேல ஃபேட்32ன்ற ஆப்ஷனே காட்டாது, அதனால முடியாதுன்னு நினைச்சுறாதீங்க, ரூஃபஸ் மாதிரி ஒரு டூல் எடுத்து பண்ணா ஆகும். ஃபார்மட் பண்ணிட்டு திரும்ப ஏத்துங்க. அவ்ளோதான் விஷயம்.

யாழ்நிலா:
மேக்கில இருந்தோ கொப்பி பண்ணினனீங்கள்? அப்பிடியெண்டால் ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில புள்ளியும் கீழ்க்கோடும் போட்டுத் தொடங்கிற சின்னக் கோப்பு ஒண்டையும் சேத்து எழுதிவிடும், 4 கேபி அளவில இருக்கும், மேக்கில பாத்தால் கண்ணுக்குத் தெரியாது. பிளேயர் அதையும் பாட்டெண்டு நினைச்சுத் திறந்து பாத்திட்டு 0:00 காட்டிப் போட்டு அடுத்ததுக்குப் போயிடும். என்ர அம்மான்ர பிளேயரில இதேதான் நடந்தது, அந்தக் கோப்புகளை அழிச்ச பிறகு ஒரு பிரச்சினையும் இல்லை.

டேக்மணி:
எனக்கு டேக் மேல தான் சந்தேகம், அதாவது பாட்டு ஃபைலுக்குள்ளயே பாட்டு பேரு, ஆல்பம் பேரெல்லாம் எழுதி வச்சிருக்குற குறிப்பு. பழைய பாட்டு ஃபைல் பலதுல டிஸ்கி, பாமினி காலத்து எழுத்துல பேரு அடிச்சு வச்சிருப்பாங்க, அத ஒழுங்கா யூனிகோடுக்கு மாத்தாம வச்சிருந்தா சில பிளேயர் திணறும். இன்னொண்ணு, பாட்டுக்குள்ளயே 3000 பிக்சல் கவர் படத்த திணிச்சு வச்சிருப்பாங்க, சின்ன பிளேயரோட மெமரி தாங்காது. எம்பி3டேக்னு ஒரு சாஃப்ட்வேர் ஃப்ரீயா கிடைக்குது, அதுல எல்லாத்தையும் மொத்தமா செலக்ட் பண்ணி படத்த தூக்கிடுங்க, டேக்க ஐடி3 2.3, யுடிஎஃப்16ன்னு வச்சு சேவ் பண்ணுங்க. 2.4ல யுடிஎஃப்8 வரும், அது பழைய சிப்புக்கு ஒத்துக்காது.

கரூர்ப்பொண்ணு:
மேக் இல்லங்க, விண்டோஸ் லேப்டாப். மாடல் பேரு அட்டைல எங்கயுமே இல்ல, டிஜிட்டல் பிளேயர்னு மட்டும் போட்டிருக்கு. கார்டு 128 ஜிபி, பிளேயர் வாங்குன அன்னிக்கே வேற ஒரு கடைல தள்ளுபடில கிடைச்சுது. எல்லாமே எம்பி3 தான். தம்பியோட ஹார்ட் டிஸ்க்ல இருந்தது மொத்தம் 50 ஜிபி கிட்ட ஏத்தியிருக்கேன். ஃபேட்32 பத்தி சொன்னது பாதி தான் புரிஞ்சுது, ஃபார்மட் பண்ணா பாட்டெல்லாம் போயிடுமா?

ஓல்டுஸ்டாக்:
போகும், திரும்ப ஏத்திக்கணும். 128 ஜிபின்னு முதல்லயே சொல்லியிருந்தா இத்தனை பேர் நேரம் போயிருக்காது.

வினைல்வேந்தன்:
பேரில்லாத பிளேயர வாங்கிட்டு இப்படி மல்லுக்கட்டுறதுக்கு ஒரு பழைய ஐபாட் கிளாசிக் தேடிப் புடிச்சிருக்கலாம். 2007ல இருந்து 2014 வரைக்கும் வித்தாங்க, உள்ள இருக்குற ஹார்ட் டிஸ்க்க எடுத்துட்டு அடாப்டர் வச்சு எஸ்டி கார்டு போட்டுக்கலாம், பேட்டரியும் மாத்திக்கலாம், ஆப்பிளோடதுக்கு பதிலா ராக்பாக்ஸ்ன்ற சாஃப்ட்வேர ஏத்துனா ஃபிளாக்கும் பாடும். இன்னும் நல்ல சவுண்டு வேணும்னா அதுக்கு முந்தின வீடியோ ஐபாட், அதுல வோல்ஃப்சன் சவுண்டு சிப், கிளாசிக்ல சிரஸ் லாஜிக். அந்த வோல்ஃப்சன்ல வர்ற நாதஸ்வரம் இருக்கே, சீவாளில காத்து படுற சத்தம் வரைக்கும் கேக்கும்.

ஹெட்செட்டு:
அண்ணே நானும் ரெண்டும் வச்சிருக்கேன், சவுண்ட் அளவ சமமா வச்சு கண்ண மூடிட்டு கேட்டா வித்தியாசம் சொல்ல முடியாது. எது கொஞ்சம் சத்தமா பாடுதோ அது நல்லாருக்குன்னு காது நம்பிடும். செகண்டுக்கு 320 கிலோபிட்ல எம்பி3 இருந்தா அதுவே போதும், ஃபிளாக் எல்லாம் இடத்துக்குத்தான் கேடு.

வினைல்வேந்தன்:
சிடில செகண்டுக்கு 1411 கிலோபிட் இருக்கு, 320 ஆக்கும்போது நாலுல மூணு பங்குக்கு மேல வெட்டி எறியுறாங்க. ஃபிளாக்ல ஒரு பிட்டு கூட போகாது, பாதி சைஸ்ல அப்படியே இருக்கும். இத கேடுன்னு சொல்றது எனக்கு வலிக்குது தம்பி. தவில் அடிச்சு அது ஓயுற இடத்த கேளு, அங்க தெரியும் 320க்கும் ஃபிளாக்குக்கும்.

ஹெட்செட்டு:
சேத்து வைக்க ஃபிளாக் சரி, அத நானும் ஒத்துக்குறேன். கேக்குறது எதுல? ப்ளூடூத் ஸ்பீக்கர்ல தானே? ப்ளூடூத்ல பாட்ட சுருக்கி அனுப்புற சாதா எஸ்பிசி கோடெக்ல மேக்ஸிமம் 328 கிலோபிட் கிட்ட தான் போகும், நீங்க ஃபிளாக் குடுத்தாலும் அது திரும்ப நசுக்கித்தான் அனுப்பும். வயர் ஹெட்போன் இல்லாம ஃபிளாக் பத்தி பேசுறதுல அர்த்தமே இல்ல.

வினைல்வேந்தன்:
நான் ப்ளூடூத்ல கேக்குறேன்னு எப்ப சொன்னேன்? வயர் தான், எப்பவும் வயர் தான்.

பொள்ளாச்சிராஜா:
இடையில கேக்குறதுக்கு மன்னிக்கணும், என்கிட்டயும் இதே மாதிரி பிளேயர் இருக்கு, லேப்டாப் சார்ஜர்ல போட்டா சார்ஜே ஏற மாட்டேங்குது, ரிட்டன் பண்ணவா

சர்க்யூட்சாமி:
ராஜா, ரெண்டு பக்கமும் டைப் சி இருக்குற வயரா? அப்ப ஏறாது. சார்ஜர்கிட்ட கரண்டு கேக்குறதுக்கு சாக்கெட்ல 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ரெண்டு வைக்கணும், சின்ன பிளேயர்ல காச மிச்சம் புடிக்க அத விட்டுடுவாங்க. ஒரு பக்கம் பழைய தட்டை யுஎஸ்பி இருக்குற வயரப் போடுங்க, ஏறும்.

கரூர்ப்பொண்ணு, ஃபிளாக் சண்டைய விடும்மா, நீ எனக்கு ஒண்ணு மட்டும் பாத்து சொல்லு. எந்த ஃபோல்டர முதல்ல ஏத்துன, எது கடைசி? பாடுறது எது, பாடாதது எது?

கரூர்ப்பொண்ணு:
சொற்பொழிவு முதல்ல, அப்புறம் நாதஸ்வரம், அப்புறம் பழைய பாட்டுன்னு ஒரு பெரிய ஃபோல்டர், கடைசில பக்தி, கிராமியப் பாட்டு. முதல் ரெண்டும் முழுசா பாடுது. பழைய பாட்டுல தான் பாதிக்கு மேல பாட மாட்டேங்குது. பக்தியும் கிராமியமும் இப்ப பாத்தா காலி ஃபோல்டரா காமிக்குது, ஏத்துனப்ப எல்லாம் ஏறிடுச்சுன்னு தான் வந்துச்சு, நான் நின்னு பாத்தேன்

சர்க்யூட்சாமி:
அப்ப பிளேயர் மேல எந்தக் குத்தமும் இல்ல, கார்டு டூப்ளிகேட். உள்ள 32 ஜிபியோ 16ஓ தான் இருக்கும், 128ன்னு பொய் சொல்ற மாதிரி கார்டுக்குள்ள இருக்குற கன்ட்ரோலர் சிப்புல எழுதி வச்சிருப்பாங்க. நிஜ இடம் தீந்ததுக்கு அப்புறம் நீ எழுதுறதெல்லாம் வாங்கிக்கிற மாதிரி வாங்கி கீழ போட்டுடும், எர்ரர் கூட வராது. பாட்டோட பேரு ஃபோல்டர் லிஸ்ட்ல இருக்கும், பாட்டு வேற இடத்துல இருக்கும். பழைய பாட்டு லிஸ்ட்ட இடம் இருக்கும்போதே எழுதிட்டதால பேரு தெரியுது, பாட்டு அந்தப் பக்கம் போய் விழுந்ததால பாட மாட்டேங்குது. பக்தி ஃபோல்டருக்கு லிஸ்ட்டே அந்தப் பக்கம் போயிடுச்சு, அதான் காலி.

காப்பி பண்ண கையோட லேப்டாப்ல போட்டுப் பாத்தா பாடும், ஏன்னா அது லேப்டாப் மெமரில இருந்து பாடுறது. கழட்டிட்டு திரும்ப சொருகிப் பாரு.

ஓல்டுஸ்டாக்:
எக்ஸ்ஃபேட்டா இல்லையான்னு பாக்காமலே கார்டு மேல பழி போடுறது சரியில்ல. முதல்ல ஃபார்மட்ட சரி பண்ணணும், அதுதான் முறை.

சர்க்யூட்சாமி:
ஓல்டு சார், எக்ஸ்ஃபேட் புரியாத பிளேயரா இருந்தா கார்டையே காட்டாது, ஒரு பாட்டு கூட வராது. இங்க ரெண்டு ஃபோல்டர் முழுசா பாடுது. இப்ப ஃபார்மட் பண்ணச் சொன்னா அந்தப் பொண்ணு ராத்திரி பூரா உக்காந்து திரும்ப 50 ஜிபி ஏத்தும், திரும்ப அதே இடத்துல நிக்கும், ரிட்டன் டைமும் போயிடும். எனக்கு அதான் கவலை.

கரூர்ப்பொண்ணு, அவசரத்துக்கு ஒரு வழி: வீட்டுல பழைய போன்ல கிடக்குற கார்டு எதாவது எடுத்து, இங்க பாடாத பாட்டுல ஒரு இருபது ஏத்திப் பாரு. பாடுச்சுன்னா பிளேயர வச்சுக்க. அப்புறமா இந்த கார்ட காலி பண்ணிட்டு ஹெச்2டெஸ்ட்டபுள்யூன்ற டெஸ்ட் சாஃப்ட்வேர் போட்டு பாரு, ஃப்ரீ தான், லினக்ஸ்னா எஃப்3. கார்டு பூரா எழுதி திரும்ப படிச்சுப் பாத்து நிஜமா எவ்ளோ இருக்குன்னு சொல்லும், 128க்கு மணிக்கணக்குல ஆகும், ராத்திரி போட்டுட்டு தூங்கிடு. அந்த ஸ்கிரீன போட்டோ எடுத்து வச்சுக்க, கார்டு வித்த கடைல காசு திரும்பக் கேக்குறதுக்கு அது தான் ஆதாரம்.

யாழ்நிலா:
உண்மைதான், மேக் இல்லையெண்டால் நான் சொன்னது இதுக்குப் பொருந்தாது. தங்கச்சி, 128 கிலோபிட் எம்பி3 எண்டால் 16 ஜிபியிலயே 250 மணித்தியாலத்துக்கு மேல பாட்டு வைக்கலாம். அப்பாவுக்கு அது தாராளம், பெரிய கார்டுக்கு அலைய வேண்டாம்.

டேக்மணி:
கார்டு மாத்துனாலும் டேக்க ஒரு தடவ சுத்தம் பண்ணிடுங்க. தமிழ்ல பேரு வந்தாலும் இந்த மாதிரி பிளேயர்ல கொம்பு தள்ளிப் போய் நிக்கும், அத ஒண்ணும் பண்ண முடியாது, ஃபோல்டர் பேர மட்டும் சின்னதா வைங்க.

கரூர்ப்பொண்ணு:
பழைய போன்ல 16 ஜிபி கார்டு இருந்துச்சு, போட்டேன், எல்லாம் பாடுது!! டெஸ்ட்டும் ராத்திரி ஓட விட்டேன், 29 ஜிபி தான் ஓகே, மீதி எல்லாம் லாஸ்ட்னு சிவப்புல வந்துச்சு. பிளேயர வச்சுக்கிட்டேன், கார்டுக்கு காசு திரும்பக் கேட்டிருக்கேன். சாமி அண்ணா ரொம்ப நன்றி. ஒரே ஒரு விஷயம், சொற்பொழிவு 1, 2, 3ன்னு வராம முன்ன பின்ன வருது, அப்பா கதை புரியலன்னு சொல்றாரு

சர்க்யூட்சாமி:
நல்லதும்மா. இந்த பிளேயர் பலது பேரு வரிசைய பாக்காது, கார்டுல எது முதல்ல எழுதுனாங்களோ அந்த வரிசைல பாடும். டிரைவ்சார்ட்னு ஒரு டூல் இருக்கு, ஃபேட்32 கார்டுல வரிசைய மாத்தி எழுதிடும், லினக்ஸ்ல ஃபேட்சார்ட். அதுக்கு முன்னாடி ஃபைல் பேர 001, 002ன்னு மூணு இலக்கமா மாத்திடு, வெறும் 1, 2ன்னு இருந்தா 1க்கு அப்புறம் 10 வந்து நிக்கும். அப்பாவ ஃபோல்டர் மெனுல போய் கேக்கச் சொல்லு, ஆல்பம் மெனு வேணாம், அங்க டேக்ல இருக்குற நம்பர பாத்து வரிசைய மாத்திடும்.

ஹெட்செட்டு:
வேந்தன் அண்ணே, வயர்ல என்ன ஹெட்போன் வச்சிருக்கீங்க? நானும் அந்த தவில் இடத்த கேட்டுப் பாக்கணும்.

வினைல்வேந்தன்:
தனியா மெசேஜ் பண்றேன் தம்பி, இங்க எழுதுனா நீளும்.

பொள்ளாச்சிராஜா:
பழைய வயர் போட்டதும் சார்ஜ் ஏறுது, நன்றிங்க. கரூர் அக்கா, உங்க பிளேயர்ல ஒரு சார்ஜுக்கு எவ்ளோ நேரம் பாடுது? எங்க தாத்தாவுக்கும் ஒண்ணு வாங்கணும்.