கோச்சிங் இல்லாமல் கேட்: கொங்குப் பக்கத்து அனுபவங்கள்

திருப்பூரிலிருந்து

கோச்சிங் வகுப்புக்குப் போகாமல் கேட் தேர்வுக்குத் தயாராக முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். ஐஐஎம் எனும் இந்திய மேலாண்மைக் கழகங்களில் எம்பிஏ சேர்வதற்கான கேட்டைத்தான் சொல்கிறேன். தாராளமாக முடியும். எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று விசாரிப்பதிலேயே பலர் ஆடி, ஆவணியைக் கழித்துவிடுகிறார்கள். அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. 2017 முதல் நடந்த தேர்வுகளின் வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கணக்கில் பெரும்பகுதி பத்தாம் வகுப்புவரை படித்ததுதான்: சதவீதம், விகிதம், வேகமும் நேரமும், இயற்கணிதம், கொஞ்சம் வடிவியல். அதற்கு மேல் மடக்கை மாதிரி ஒன்றிரண்டு.

நான் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசர். நாள் முழுக்கக் காஸ்டிங் ஷீட்டோடு மாரடிக்கிறவனுக்குச் சதவீதம் புதிதல்ல. நூல் விலை ஏறினால் பீஸுக்கு எவ்வளவு ஏறும், சாயப்பட்டறையில் எடை குறைந்தது போக எத்தனை கிலோ துணி கைக்கு வரும் என்பதையெல்லாம் மனக்கணக்காகவே போட்டுவிடுவோம். ஆனால் தேர்வு சோதிப்பது அதை அல்ல. 2024 தாளை எடுத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் 24 கேள்வி, தரவும் தர்க்கமும் சேர்ந்த டிஐஎல்ஆரில் 22, கணக்கில் 22. ஒவ்வொரு பகுதிக்கும் 40 நிமிடம். ஒரு பகுதி முடிந்தால் முடிந்ததுதான், திரும்பிப் போக முடியாது. கணக்கில் ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. யாரும் எல்லாவற்றையும் போட்டுவிடக் கூடாது என்றே தாளை அமைக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

அதற்கு மறுபக்கமும் உண்டு. மொத்தம் 204 மதிப்பெண். அண்மை ஆண்டுகளில் 99 பெர்சென்டைல் எடுத்தவர்களில், அதாவது எழுதியவர்களில் 99 சதவீதம் பேரை முந்தியவர்களில், பலர் மொத்தத்தில் பாதியைக்கூடத் தொடவில்லை. ஆகவே இந்தத் தேர்வுக்குப் போடக் கற்பதைவிட விடக் கற்பதுதான் பெரிய வேலை. வருகிற ஆர்டரையெல்லாம் எடுக்கிற கம்பெனி திருப்பூரில் எத்தனை நாள் தாங்கும் என்று உங்களுக்கே தெரியும்.

குருட்டாம்போக்கில் விடை குறிப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சரியான விடைக்கு 3, தவறுக்குக் கழித்தல் 1. நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால், நீண்ட ஓட்டத்தில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு விடை நிச்சயமாகத் தவறு என்று தெரிந்து, மீதி மூன்றில் ஒன்றைத் தொட்டால் கேள்விக்குச் சராசரியாக மூன்றில் ஒரு மதிப்பெண் நம் பக்கம் நிற்கும். விடையை நாமே தட்டச்சு செய்யும் கேள்விகளுக்குக் கழித்தல் கிடையாது. அவற்றை வெறுமனே விட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

ஞாயிறு காலையில் மாதிரித் தேர்வு, அன்று மாலையே அலசல். இவ்வளவுதான் என் முறை. தீபாவளிக்கு வெளியூர்த் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விடுவதால் கம்பெனிகளுக்கு நீண்ட விடுமுறை வரும். அந்த நாட்களில் கூடுதலாக எழுதினேன். அலசும்போது தவறான விடைகளைத் தேடுவதைவிட, சரியாகப் போட்டாலும் ஆறேழு நிமிடம் தின்ற கேள்விகளைத் தேடிப் பிடியுங்கள். அவற்றுக்கென்று என்னிடம் தனி நோட்டு இருந்தது. அட்டையில் ‘விட்டிருக்க வேண்டியவை’ என்று எழுதி வைத்திருந்தேன்.

நாமக்கல்லிலிருந்து

அண்ணன் விடச் சொல்கிறார். எங்கள் ஊர்ப் பக்கம் விடுதிப் பள்ளியில் பிளஸ் டூ படித்த யாரிடமாவது போய் அதைச் சொல்லிப் பாருங்கள். ஒரு மதிப்பெண் கேள்வியைக்கூட விடக் கூடாது, தெரியாவிட்டாலும் எதையாவது எழுதி வை என்று விடியற்காலை ஐந்து மணியிலிருந்து ஓதப்பட்டவர்கள் நாங்கள். அந்தப் பழக்கம் மூளையில் இல்லை, விரலில் இருக்கிறது. கேள்வியைத் தாண்டிப் போகும்போது ஏதோ குற்றம் செய்கிற மாதிரி கை கூசும்.

எனக்கு வழி காட்டியது டிஐஎல்ஆர்தான். 2024இல் அந்தப் பகுதியில் ஐந்து தொகுப்புகள். ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கைந்து கேள்விகள். முதல் ஐந்து நிமிடம் பேனாவையே தொடாமல் ஐந்தையும் படித்துப் பார்க்க வேண்டும். எதற்கு உடனே ஒரு கட்டம் வரைந்துவிட முடிகிறதோ அதுவே முதலில். எந்தத் தொகுப்பில் நிபந்தனைகள் குறைவாகவும் சாத்தியங்கள் நிறையவும் இருக்கின்றனவோ, அதன் பக்கம் தலைவைக்கக் கூடாது. சின்னதாக, சாதுவாக இருக்கும் தொகுப்புதான் பெரும்பாலும் ஆளைக் கவிழ்க்கும். மூன்று தொகுப்பைப் பிசகில்லாமல் முடித்தால் அந்தப் பகுதியில் நல்ல இடம். இது புரிந்த பிறகுதான் கை கூசுவது நின்றது.

ஆனால் அந்த விடுதிப் பள்ளியை முழுக்கத் திட்டவும் மனம் வரவில்லை. ஐஐஎம் பெங்களூரு போன்ற இடங்களில் கேட் மதிப்பெண் மட்டும் பார்ப்பதில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களும் கணக்கில் சேரும். அங்கே மனப்பாடம் செய்து வாங்கியது இங்கே கை கொடுத்தது.

வீட்டுப் பேச்சைச் சமாளிப்பதற்கு மட்டும் எந்த மாதிரித் தேர்வும் இல்லை. “பேங்க் பரீட்சை எழுதினால் போதாதா கண்ணு?” என்று அம்மா கேட்பார். அத்தை நேராகவே ஜாதகத்தைக் கேட்டார். மகள் திருச்சி ஐஐஎம்மில் படித்தால் வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று அப்பா தானாகவே ஒரு கணக்குப் போட்டு இருவரையும் சமாதானம் செய்தார். அங்கே படிப்பவர்களுக்கு வாரக் கடைசி என்று ஒன்று இருக்கிறதா என்று நான் விசாரிக்கப் போகவில்லை.

பொள்ளாச்சியிலிருந்து

இரண்டு பேரும் ஆங்கிலத்தைத் தொடவே இல்லையே! அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த என்னைப் போன்றவர்களுக்குத் தேர்வின் முதல் 40 நிமிடம்தான் உயிரை வாங்கும். 24 கேள்விகளில் 16 நீண்ட பத்திகளைப் படித்து விடை சொல்வது. தத்துவம், மானுடவியல், சூழலியல், எங்கோ ஒரு தீவின் வரலாறு என்று நமக்குச் சம்பந்தமே இல்லாத பொருளாக வரும். சொல் பட்டியல் மனப்பாடம் செய்வது வீண் வேலை. அருஞ்சொல்லுக்குப் பொருள் கேட்பதே இல்லை. ஆசிரியர் எதை வாதிக்கிறார், எதை வாதிக்கவில்லை என்றுதான் கேட்கிறார்கள்.

நான் தேங்காய் நார்த் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். மதிய உணவு இடைவேளையில் ஏயான் இணைய இதழில் ஒரு கட்டுரை, அல்லது தி கார்டியனில் நீண்ட கட்டுரை ஒன்று. இந்த இரண்டிலிருந்தும் பத்திகள் தேர்வுக்கே வந்திருக்கின்றன. ஒவ்வொரு பத்தியும் முடிந்ததும், அந்த மனிதர் என்ன சொல்கிறார் என்று தமிழில் ஒரே வரியில் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சொல்ல வரவில்லை என்றால் புரியவில்லை என்று பொருள். ஆங்கிலத்திலேயே யோசி, தமிழில் யோசிக்காதே என்று அறிவுரை சொல்கிறவர்களை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. தேர்வு நெருங்கியபோது அந்த ஒரு வரி வாயில் வராமலே மனதில் ஓடத் தொடங்கிவிட்டது.

இன்னொன்று. தனியாகப் படிப்பது மலிவு என்பது உண்மைதான், ஆனால் சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இல்லை. ஆங்கிலத்தில் இது பெரிய தொல்லை. கணக்கில் விடை சரியா தவறா என்று விடைக்குறிப்பே சொல்லிவிடும். இங்கே நான்கில் இரண்டு விடைகள் சரி போலவே நிற்கும்.

கோபியிலிருந்து

படிப்பை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன், இதில் கோட்டை விட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். பிற்படுத்தப்பட்ட வகுப்பினரான நம்மிடம் இருக்கும் மாநில அரசின் பிசி சாதிச் சான்றிதழ் இதற்குச் செல்லாது. மத்திய அரசின் படிவத்தில் ஓபிசி சான்றிதழ் வேண்டும். கிரீமி லேயருக்கு, அதாவது வசதி படைத்த பிரிவுக்கு, உட்படாதவர் என்று அதில் இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். முன்பு எப்போதோ வாங்கியது போதாது, நடப்பு ஆண்டுக்கானதைக் கேட்பார்கள். 2017 முதல் ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய். தோட்டம் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் இதைக் கேட்டதுமே பின்வாங்குகிறார்கள். விவசாய வருமானமும் சம்பளமும் அந்த வரம்புக் கணக்கில் சேர்வதில்லை. அப்பா, அம்மா அரசுப் பதவியில் இருந்தால் அதற்கு வேறு விதி, நிலத்தின் அளவுக்கும் வேறு விதி.

விண்ணப்பம் ஆகஸ்டில் திறந்து செப்டம்பரில் மூடிவிடும். பதிவு செய்யும்போதே சான்றிதழைப் பதிவேற்ற வேண்டும். பிரிவைப் பிறகு மாற்ற விடமாட்டார்கள். அதனால் ஜூனிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

கரூரிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. ஒரே ஒரு கேள்வி. பஸ் பாடி கட்டும் பட்டறையில் மேற்பார்வை வேலை பார்க்கிறேன், ஆறு நாளும் வேலை. வேலையை விட்டுவிட்டுப் படிக்கலாமா?

திருப்பூரிலிருந்து

விடாதீர்கள் தம்பி. பல ஐஐஎம்களில் வேலை அனுபவத்துக்குத் தனி மதிப்பெண் உண்டு. நேர்முகத் தேர்விலும் பட்டறையைப் பற்றி நீங்கள் பத்து நிமிடம் பேசலாம், வீட்டில் உட்கார்ந்து படித்ததைப் பற்றி என்ன பேசுவீர்கள்? நவம்பர் கடைசி ஞாயிற்றில்தான் தேர்வு, அதை ஒட்டி நான்கு நாள் விடுப்பை மட்டும் இப்போதே சொல்லி வையுங்கள். மையத்துக்குக் கோவையைக் கேட்டு, காலை 8.30 மணித் தேர்வு விழுந்தால் முதல் நாளே வந்துவிடுங்கள். எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம், அவிநாசி சாலையில் விடியற்காலையிலேயே பஸ் இருக்கிறது.