அறை வாடகைக்காக மொத்த பில்லிலும் பாதியைக் கழித்துவிட்டார்கள், இது சரியா?

கேள்வி (திருப்பூர்)

அனைவருக்கும் வணக்கம். 62 வயதான என் தாயார் துணி துவைக்கும் கல்லருகே வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்து, அன்றிரவே தனியார் மருத்துவமனை ஒன்றில் அறுவை சிகிச்சைக்காகச் சேர்த்தோம். மூவர் தங்கும் அறையில் இடமில்லை என்று சொல்லி, நாளொன்றுக்கு 6,000 ரூபாய் வாடகையுள்ள தனி அறையைக் கொடுத்தார்கள். வலியில் அவர் துடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் வாடகையைப் பற்றிக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. எங்கள் குடும்பப் பாலிசியின் காப்பீட்டுத் தொகை 3 லட்சம். அறை வாடகை வரம்பு அதில் 1 சதவீதம், அதாவது 3,000 ரூபாய்.

ஐந்து நாள் பில் 2,40,000 ரூபாய். அறை வாடகை 30,000, மருத்துவர், மயக்க மருந்து, அறுவை அரங்கு, செவிலியர் கட்டணங்கள் 90,000, எலும்பில் பொருத்திய தகடும் திருகுகளும் 60,000, மருந்துகள் 40,000, ஸ்கேன் மற்றும் ரத்தப் பரிசோதனைகள் 20,000. காப்பீட்டு நிறுவனம் 1,20,000 மட்டுமே தந்தது. மீதிக்கு மனைவியின் வளையல்களை அடகு வைத்துத்தான் டிஸ்சார்ஜ் செய்தோம். வாடகையில் 15,000 பிடித்தால் நியாயம் என்று ஏற்றுக்கொள்வேன். மருந்துச் செலவிலும் ஏன் பாதி போக வேண்டும்?

பதில் 1 (மருத்துவமனையொன்றின் காப்பீட்டுப் பிரிவில் பணியாற்றியவர்)

ஐயா, தங்களுக்கு நேர்ந்ததை விகிதாசாரக் கழிவு என்பார்கள். பல மருத்துவமனைகளில் அறையின் தரம் உயர உயர மருத்துவர் கட்டணமும் அரங்குக் கட்டணமும் உயரும். ஆகவே, வரம்பைப் போல இரு மடங்கு வாடகையுள்ள அறையில் தங்கினால் அத்தகைய கட்டணங்களிலும் பாதியை மட்டுமே ஏற்போம் என்று பாலிசியில் எழுதியிருப்பார்கள். பாலிசி எடுக்கும்போது இதை விளக்கிச் சொல்லும் முகவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஆனால், அந்தக் கழிவை எல்லாவற்றின் மீதும் போட முடியாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி மருந்துகள், ஒருமுறை பயன்படுத்தும் பொருள்கள், உடலில் பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றில் விகிதாசாரக் கழிவு கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டணத்திலும் கூடாது. தங்கள் பில்லில் தகடு, மருந்து, பரிசோதனை மூன்றும் சேர்ந்து 1,20,000 ஆகிறது. அதில் பாதியான 60,000 தவறாகப் பிடிக்கப்பட்டுள்ளது. கையுறை போன்ற, பாலிசி ஏற்காத சில்லறைப் பொருள்களுக்கு மட்டும் ஓரளவு குறையலாம்.

இன்னொன்றையும் அவசியம் பாருங்கள். அறை எதுவானாலும் ஒரே கட்டணம் வாங்கும் மருத்துவமனையாக இருந்தால், அந்த 90,000 மீதும் கழிவு போடக் கூடாது. பில்லிங் பிரிவில் அதை முத்திரையுடன் கடிதமாகக் கேட்டு வாங்குங்கள். அந்த ஒரு தாளுக்கு 45,000 ரூபாய் மதிப்புண்டு.

பதில் 2 (சென்னை)

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு, ஒவ்வொரு தொகையையும் குறிப்பிட்டு எழுத்து மூலம் முறையிடுங்கள். தொலைபேசியில் பேசியதற்குச் சாட்சி இருக்காது. ஆணையத்தின் பீமா பரோசா இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் உள்ளது. கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை.

பதில் 3 (ஈரோடு)

தங்கள் தாயாரின் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அதில் சிகிச்சைக்கே தொகை நிர்ணயித்திருப்பதால் இந்த வாடகைக் கணக்கு வராது. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டை, ஆதாருடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்துக்குச் செல்ல வேண்டும். படுத்த பிறகு ஓடுவதைவிட இப்போதே எடுத்து வைப்பது நல்லது.

கேட்டவரின் பதில் (ஐந்து வாரங்களுக்குப் பிறகு)

பதிலளித்த மூவருக்கும் என் குடும்பத்தின் நன்றி. எங்கள் வருமானம் வரம்பைத் தாண்டுவதால் அரசு அட்டை கிடைக்காது. மருத்துவமனையில் மூன்று முறை அலைந்தபின், அரங்கு மற்றும் மருத்துவர் கட்டணம் எல்லா அறைகளுக்கும் ஒன்றே என்று கடிதம் கொடுத்தார்கள். அதை இணைத்து முறையிட்டேன். தகடு, மருந்து, பரிசோதனை ஆகியவற்றுக்காக 57,800 ரூபாய் நேற்று வங்கிக் கணக்கில் வந்துவிட்டது. மருத்துவமனைக் கடிதத்தைப் பற்றி மட்டும் ஒரு வரிகூடப் பதில் இல்லை. முறையிட்டு ஒரு மாதம் கடந்துவிட்டதால், அந்த 45,000 ரூபாய்க்காகக் குறைதீர்ப்பாளருக்கு மனு எழுதி, பில்லின் நகலோடு உறையில் இட்டு வைத்திருக்கிறேன். நாளை காலை பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.