புதுப்பிப்பு: இரண்டு வட்ட வைரங்களில் எதை எடுத்தோம்

என் தங்கையின் நிச்சயதார்த்த மோதிரத்திற்காக, நிறமும் தெளிவும் ஒன்றாக உள்ள இரண்டு ஒரு காரட் வட்ட வைரங்களில் எதை எடுக்கலாம் என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். முதலாவதன் பெவிலியன் (கல்லின் கூம்பான கீழ்ப்பகுதி) கோணம் 40.8 பாகை, கிரவுன் (மேற்பகுதி) கோணம் 34.5 பாகை, விலை குறைந்த இரண்டாவதில் அவை முறையே 41.8, 36. நேற்று இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தோம்.

ஒரு பாகை வேறுபாட்டில் என்ன இருக்கிறது என்று நினைத்திருந்த எனக்கு, இரண்டாவது கல்லின் டேபிள் (உச்சியிலுள்ள பெரிய தட்டையான பட்டை) விளிம்புக்குக் கீழே வட்டமாகத் தெரிந்த சாம்பல் நிற வளையம் நன்றாகவே விளக்கிவிட்டது. வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42 என்பதால், உள்ளிருந்து ஒரு பட்டையின் மீது, அதற்குச் செங்குத்தான கோட்டிலிருந்து ஏறத்தாழ 24.4 பாகைக்கு மேல் சாய்ந்து விழும் ஒளி முழுதாக எதிரொளிக்கிறது. அதற்குக் குறைந்தால் பெரும்பகுதி வெளியேறிவிடுகிறது. கிரவுன், பெவிலியன் இரண்டின் சரிவும் சேர்ந்தே அதிகமாகிவிட்டால் டேபிளைச் சுற்றி அந்தக் கசிவு நிகழ்கிறது. கிரவுன் கோணம் சற்றுக் கூடியிருந்தால் பெவிலியன் கோணம் சற்றுக் குறைந்து ஈடுசெய்ய வேண்டும். வைர வெட்டை ஆராய்ந்த மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919இல் கணக்கிட்டுக் கூறிய கிரவுன் 34.5, பெவிலியன் 40.75 என்ற இணையை முதல் கல் ஏறத்தாழ அப்படியே ஒத்திருக்கிறது.

எடை ஒன்றாக இருந்தும், ஆழமான இரண்டாவது கல்லின் விட்டம் 6.2 மில்லிமீட்டர்தான், மற்றது 6.45. முதல் கல்லையே எடுத்தோம்.