முதல் ரெஸ்யூம்: எந்த வரி அடி வாங்குகிறது?

திரியைத் தொடங்கியவர்
ஃபிரஷர்களின் ரெஸ்யூமை அன்றாடம் பார்க்கிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். 'தன்னம்பிக்கையோடு எழுதுங்கள்' வகை அறிவுரை வேண்டாம். எந்த வரி இடறுகிறது, எப்படித் திருத்தலாம், அதை மட்டும் சொல்லுங்கள்.

சென்னை, ஐடி ஆளெடுப்பு
அழகான டெம்ப்ளேட்தான் முதல் வில்லங்கம். பக்கத்தில் பக்கமாக இரண்டு பத்தி (காலம்), இடப்பக்கம் நீலப் பட்டை, ஒவ்வொரு திறமைக்கும் ஐந்து நட்சத்திரம். பார்க்க ஜோர்தான். ஆனால் பல இடங்களில் முதலில் வாசிப்பது மென்பொருள். சில மென்பொருள்கள் இரண்டு பத்தியையும் குறுக்காகச் சேர்த்து வாசிக்கும். 'ஜாவா'வுக்குப் பக்கத்தில் உங்கள் கதவு எண் வந்து நிற்கும். வேர்டில் ஹெடர் பகுதிக்குள் போட்ட போன் நம்பர் காணாமலே போகலாம்.

சோதிப்பது சுலபம். பிடிஎஃப்பைத் திறந்து, முழுக்க செலக்ட் செய்து, காப்பி எடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். வரிசை குலையாமல் வந்தால் சரி. எதுவுமே ஒட்டவில்லை என்றால் உங்கள் ரெஸ்யூம் வெறும் படம். போனில் ஸ்கேன் செய்தவை பெரும்பாலும் இந்த ரகம். ஏ4, ஒரே பக்கம், எழுத்தளவு 10.5 அல்லது 11, ஓரம் முக்கால் அங்குலம். நௌக்ரி வேலைத் தளத்தில் ஏற்ற 2 எம்பிக்குள் இருக்க வேண்டும். ஃபைல் பெயரில் 'ஃபைனல் நியூ 2' வேண்டாம். உங்கள் பெயரும் படிப்பும் போதும்.

சான்றிதழ் சரிபார்ப்பு
பெயரிலிருந்தே சிக்கல் ஆரம்பிக்கிறது. மார்க்‌ஷீட்டில் இனிஷியல் பின்னால், ஆதாரில் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. ரெஸ்யூமில் மார்க்‌ஷீட்டில் உள்ளபடியே எழுதுங்கள்.

அடுத்தது மதிப்பெண். 59.6 வாங்கியவர் 60 என்று போடக் கூடாது. 60 கட்-ஆஃப் உள்ள இடத்தில் அது பொய்க்கணக்கு. பிளஸ் டூவுக்கு 600-க்கு எத்தனை என்பதையும் சதவீதத்தையும் சேர்த்தே கொடுங்கள். ஸ்டாண்டிங் அரியர் (இன்னும் பாஸ் ஆகாத தாள்) இருந்தால் எண்ணிக்கையைச் சொல்லிவிடுங்கள். மறைத்தால் எல்லா செமஸ்டரும் சேர்ந்த கன்சாலிடேட்டட் மார்க்‌ஷீட் காட்டிக்கொடுக்கும்.

2021-இல் தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் தனிக்கேஸ். கொரோனாவால் பொதுத்தேர்வு இல்லை. சான்றிதழில் மதிப்பெண் கிடையாது, தேர்ச்சி மட்டும். தடையில்லாமல் படித்திருந்தால் இவர்கள் மூன்றாண்டுப் பட்டத்தோடு வெளியே வருவது 2026-இல். கம்பெனிப் படிவமோ சதவீதம் இல்லாமல் நகராது. சிலர் குத்துமதிப்பாக 90 என்று போட்டுவிடுகிறார்கள். அந்த 90-க்குக் காட்டத் தாள் இல்லை, ஆஃபர் அந்தரத்தில் தொங்கும். ரெஸ்யூமில் 'தேர்ச்சி, 2021 (பொதுத்தேர்வு ரத்து)' என்று எழுதுங்கள். படிவத்துக்கு என்ன போடுவது என்று ஹெச்.ஆரிடம் மெயிலில் கேட்டு, வரும் பதிலை அழிக்காமல் வைத்திருங்கள்.

டெக்னிக்கல் ரவுண்டு எடுப்பவர்
பிராஜெக்ட் வரிகள்தான் பரிதாபம். 'லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம் உருவாக்கினோம்' என்றால் நாலு பேரில் உங்கள் கைவேலை எது? 'தாமதக் கட்டணக் கணக்கும் உறுப்பினர் பதிவும் என் பங்கு. பைத்தான், மைஎஸ்க்யூஎல், 6 டேபிள்' என்று எழுதினால் கேள்வி அங்கிருந்தே பிறக்கும், பதிலும் உங்களிடம் இருக்கும்.

பன்னிரண்டு ப்ரோக்ராமிங் மொழி தெரியும் என்று அடுக்காதீர்கள். எழுதிய ஒவ்வொன்றிலும் கேள்வி வரலாம்; நாலு போதும். என்பிடெல் (ஐஐடிகளின் ஆன்லைன் வகுப்பு) கோர்ஸில் அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75 சேர்த்துதான் மதிப்பெண். வீடியோ பார்த்ததோடு நின்றவர்கள் அதைச் சான்றிதழ் பகுதியில் சேர்க்கக் கூடாது. தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சியா? திட்டத்தின் பெயரோடு நிறுத்தாமல் எந்தக் கோர்ஸ், அதில் என்ன செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

ஓசூர், மெஷின் ஷாப்
ஐடிக்காரர்களே பேசிக்கொண்டிருந்தால் எப்படி? டிப்ளமோ, ஐடிஐ பசங்களுக்கு வேறு கணக்கு. 'சிஎன்சி (கம்ப்யூட்டர் வழி இயங்கும் மெஷின்) தெரியும்' என்பது பாதிதான். டர்னிங்கா, மில்லிங்கா? மெஷினை இயக்கும் கன்ட்ரோல் ஃபனுக் கம்பெனியுடையதா, சீமென்ஸுடையதா? ப்ரோக்ராம் எழுதுவீர்களா, ஆஃப்செட் (டூல் அளவுத் திருத்தம்) மட்டும் போடுவீர்களா? அளவுக் கருவியை லீஸ்ட் கவுண்ட்டோடு (அது அளக்கும் மிகச் சிறிய அளவு) எழுதுங்கள்: வெர்னியர் 0.02 மி.மீ., மைக்ரோமீட்டர் 0.01 மி.மீ. இதைப் பார்த்தாலே சூப்பர்வைசருக்கு ஆள் புரிந்துவிடும். அப்ரன்டிஸ் காலத்தை நாள், மாதம், வருடத்தோடு, சான்றிதழில் உள்ளபடி. ஷிஃப்ட்டுக்குச் சம்மதம் என்றால் ஒரு வரி. வாக்-இன் என்றால் மூன்று பிரின்ட், நாலு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கையில்.

கோவை, பிளேஸ்மென்ட் செல்
போட்டோ கையில் சரி, ஐடி ரெஸ்யூமில் ஒட்ட வேண்டாம். அப்பா பெயர், மதம், திருமண நிலை, அடியில் 'மேற்கண்டவை உண்மை' என்ற உறுதிமொழி எல்லாவற்றையும் எடுத்தால் ஐந்தாறு வரி மிச்சம், பிராஜெக்ட்டுக்குக் கொடுங்கள். 'சவாலான சூழலில் என் திறமையை வளர்த்து...' என்று மேலே எழுதும் ஆப்ஜெக்டிவ் (வேலை நோக்கம்) வரி வகுப்பு முழுக்க ஒரே மாதிரி இருக்கிறது, சீனியர் ஃபைலிலிருந்து வந்தது. அதே காப்பியில் சீனியரின் மெயில் ஐடியும் மாறாமல் வருவது உண்டு!

சென்னை, ஐடி ஆளெடுப்பு
விட்டுப்போனது: வாட்ஸ்அப்பில் ரெஸ்யூம் கேட்டால் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பாதீர்கள். பிடிஎஃப்பை டாக்குமென்டாக இணைத்து, கீழே எந்த வேலைக்கு என்று ஒரு வரி போடுங்கள்.