‘இறால்’ அடித்தால் பில் சேவ் ஆகிறது: நான்கு ஊர்க்காரர்களின் விசை ஷார்ட்கட் அனுபவங்கள்

மண்டபம்:
மீன் ஏலக்கூடத்து எடைப் பதிவுத் திரை, பிரவுசரில் ஓடுவது. எஸ் தட்டினால் சேவ். தமிழ்99 விசைப்பலகை அமைப்புக்கு மாற்றியதும் ஷார்ட்கட் வேலை செய்யவில்லை. அதில் எஸ் இருக்கும் இடத்தில் ‘இ’, எந்த எழுத்து விழுந்தது என்று சொல்லும் இவென்ட்.கீ-யும் ‘இ’ என்றே வருகிறது. சரி என்று, விசையின் இடத்தைச் சொல்லும் இவென்ட்.கோட் பார்த்து ‘கீஎஸ்’ என்று ஒப்பிட்டார்கள். மறுநாள் மீன் பெயர்ப் பெட்டியில் ‘இறால்’ அடிக்கப்போனால் முதல் எழுத்திலேயே பில் சேவ் ஆகிவிட்டது, எடை 0! நகரை, சீலா, கணவாய் எதற்கும் இப்படி ஆகவில்லை, அதனால்தான் பிடிபடவே இல்லை. ‘இன்புட்டில் இருந்தால் விட்டுவிடு’ என்ற சோதனை இருந்தது. ஆனால் பெட்டி ஷேடோ டாமுக்குள் (பக்கத்தின் மற்ற பகுதியிலிருந்து பிரித்து வைத்த தனிக்கூடு). முழுப் பக்கமான டாக்குமென்ட்டில் விசையைக் கேட்டால், எங்கே தட்டினார்கள் என்று சொல்லும் இவென்ட்.டார்கெட் வெளிக்கூட்டைத்தான் காட்டும். கூட்டுக்குள் தட்டிய இடத்தையே காட்டும் கம்போஸ்டுபாத்()[0] பார்த்தபின் நின்றது.

பாம்பன்:
மண்டபம் அண்ணே, இறால் மட்டுமில்லை, திருக்கையும் மாட்டும். ‘தி’-க்கும் அதே எஸ்தான். கம்போஸ்டுபாத்தும் பாதித் தீர்வுதான்: ஷேடோ குளோஸ்டு (மூடியது) என்றால் உள்ளே இருப்பது வெளியே தெரியாது. விசையைக் கேட்கும் லிஸனரை ஷேடோ ரூட்டிலேயே (அந்தக் கூட்டின் வேரில்) போடுங்கள். ஒரே திரையில் இரண்டு எடைப் பலகை இருந்தாலும் ஃபோகஸ் உள்ளது மட்டும் பதில் சொல்லும்.

ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகத் தமிழ் அடிக்கும் லினக்ஸில் கதையே வேறு. கீ ‘பிராசஸ்’ என்று வரும். எழுத்து உருவாகும் கட்டம் (கம்போசிஷன்) நடக்கிறதா என்று சொல்லும் இஸ்கம்போசிங் ட்ரூ என்றால் உடனே வெளியேற வேண்டும். ஆனால் கம்போசிஷனைத் தொடங்கி வைக்கும் முதல் விசைக்கு அது இன்னும் ஃபால்ஸ்தான். விசை உள்ளீட்டு மென்பொருளிடம் இருக்கிறது என்று காட்டும் கீகோட் 229-ஐயும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த முதல் ‘இ’ தப்பும்.

தொண்டி:
படகுப் பட்டியல். டேபை ஐந்து முறை திறந்து மூடியபின் ஒரு தட்டுக்கு ஐந்து பதிவு. காரணம், லிஸனரைச் சேர்க்கும்போது ஒரு பைண்ட், நீக்கும்போது இன்னொரு பைண்ட். இரண்டும் வேறு வேறு ஃபங்ஷன், நீக்கம் சத்தமில்லாமல் தோற்றுவிடும். லிஸனரை நீக்க உதவும் அபார்ட்கன்ட்ரோலர் சிக்னல் கொடுங்கள், பக்கத்திலிருந்து நீங்கும்போது ஓடும் டிஸ்கனெக்டடு கால்பேக்கில் அபார்ட். மறுபடி கனெக்ட் ஆகும்போது புதிது உருவாக்க வேண்டும். ஒருமுறை அபார்ட் ஆனது திரும்ப உதவாது.

ஏர்வாடி:
ஒற்றை எழுத்தில் சேவ் வைத்ததே தவறு. இணையப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்த வழிசொல்லும் நெறிமுறை டபிள்யூசிஏஜி 2.1 (2018), விதி 2.1.4: அப்படிப்பட்ட ஷார்ட்கட்டை அணைக்க முடிய வேண்டும், அல்லது மாற்ற முடிய வேண்டும், அல்லது ஃபோகஸ் இருக்கும்போது மட்டும் இயங்க வேண்டும். கன்ட்ரோல்+எஸ் வையுங்கள், மேக்கில் மெட்டா (கமாண்ட் விசை). பிரவுசரின் வழக்கமான செயலைத் தடுக்கும் பிரிவென்ட்டிஃபால்ட் விட்டுப்போனால் பிரவுசர் தன் சேவ் பெட்டியைத் திறக்கும். விசையை அழுத்திப் பிடித்தால் வரிசையாகச் சேவ் ஆகாமலிருக்க இவென்ட்.ரிப்பீட் பாருங்கள். கன்ட்ரோல்+ஆல்ட் வேண்டாம், விண்டோஸில் ஆல்ட்ஜிஆரும் (கூடுதல் எழுத்துகளுக்கான வலப்பக்க ஆல்ட்) அப்படியே வரும். மாற்றத்தை மீன்பிடித் தடைக்காலத்தில் (ஏப்ரல் 15 – ஜூன் 14) ஏற்றுங்கள், விசைப்படகு கரையில் கிடக்கும்.