போகியில் அப்பாவின் கணக்கு நோட்டை எரித்துவிடலாமா?

பட்டறைக்காரன், செவ்வாய்பேட்டை:
அப்பா நடத்திய கொலுசுப் பட்டறையை இப்போது நான் பார்க்கிறேன். அவருடைய கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது. யாருக்கு எத்தனை கிராம் வெள்ளி கொடுத்தார், யாரிடம் கைமாற்று நிற்கிறது, எல்லாம் அதில். வாங்கியவர்களில் பாதிப்பேர் சொந்தக்காரர்கள். வெள்ளி இந்த விலைக்கு ஏறிய பிறகு அதைத் திறந்தாலே வயிறு எரிகிறது. கல்யாண வீட்டில்கூட அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போகி அன்று நோட்டை நெருப்பில் போட்டுவிட்டு, தை முதல் நாளிலிருந்து புதுசாக ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

மலைக்காரர், ஏற்காடு:
தாராளமாகச் செய்யுங்க தம்பி. 1963 லிமிடேஷன் சட்டப்படி கைமாற்றுப் பணத்துக்கு 3 வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அதற்குள் வாங்கியவர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால்தான் அந்தத் தேதியிலிருந்து மறுபடி 3 வருஷம் கிடைக்கும். அப்பா காலத்துக் கணக்கு கோர்ட்டில் நிற்காது. மிச்சம் இருப்பது உங்கள் கோபம் மட்டும்தான். காப்பி பறித்து முடித்ததும் நாங்கள் கவாத்து செய்கிறோம், அந்த மாதிரி வெட்டிவிடுங்கள்.

நாகலூர் வாசி:
கவாத்து என்றால் மொட்டை அடிப்பதா அண்ணா? அராபிகா காப்பிச் செடியில் போன வருஷம் வளர்ந்த கிளையில்தான் இந்த வருஷம் பூக்கும். எதை வெட்டுவது, எதை விடுவது என்று பார்த்துத்தானே கத்தி வைப்போம்?

அம்மாப்பேட்டை அக்கா:
நோட்டு வரவு மட்டுமா சொல்லும் தம்பி? அப்பா தர வேண்டியதும் அதில்தானே இருக்கும்? வீட்டில் உட்கார்ந்து வளையம் கோர்த்துக் கொடுக்கும் பெண்களுக்குக் கூலி பாக்கி நிற்காத பட்டறையை நான் பார்த்ததில்லை. அவர்களிடம் ரசீதும் இருக்காது, சீட்டும் இருக்காது. அவர்களுக்கு உள்ள ஒரே சாட்சி உங்கள் அப்பாவின் கையெழுத்துத்தான். உனக்கு வர வேண்டியதை விட்டுவிடு, அது உன் மனசு. அவர்களுக்குப் போக வேண்டியதை விட்டுக்கொடுக்க நீ யார்? அதையும் எரித்துவிட்டுப் புது வருஷம் என்றால், அந்தப் பெண்களுக்கு அது எந்த வருஷம்?

மலைக்காரர், ஏற்காடு:
அக்கா, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு மகன் என்ற ஒரே காரணத்துக்காக அப்பாவின் கடனை இவர் தலையில் கட்ட முடியாது. விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் கேட்க முடியும்.

அம்மாப்பேட்டை அக்கா:
சரி, பட்டறை யார் விட்டுப்போனது? அப்புறம், காலம் கடந்தால் வழக்குப் போடும் உரிமைதான் போகும், கடனே இல்லை என்று ஆகிவிடாது. தர வேண்டியதைத் தனியாக எழுதி எடுத்துவிட்டு மிச்சத்தை எரிக்கட்டும். நான் தடுக்க மாட்டேன்.

மலைக்காரர், ஏற்காடு:
எழுதி எடுக்க உட்கார்ந்தால் வரவுப் பக்கமும் கண்ணில் படுமே. சித்தப்பா பேரைப் பார்த்ததும் பழைய கோபம் திரும்ப வரும். இவர் விடுபட நினைப்பதே அதிலிருந்துதான். நிம்மதிக்கும் ஒரு விலை உண்டு அக்கா.

அம்மாப்பேட்டை அக்கா:
அந்த விலையை ஏன் அடுத்தவர் கூலியிலிருந்து கொடுக்க வேண்டும்?

பட்டறைக்காரன், செவ்வாய்பேட்டை:
கூலி பாக்கி நிச்சயம் இருக்கும் அக்கா. சிலர் இன்னும் எங்களுக்குத்தான் வேலை செய்கிறார்கள், ஒருவரும் வாய் திறந்து கேட்டதில்லை. அம்மா நோட்டைப் பார்த்துத் தர வேண்டியதை மட்டும் வாசிக்கட்டும், நான் எழுதிக்கொள்கிறேன். வரவுப் பக்கத்தை நான் பார்க்க வேண்டியதில்லை. பொங்கலுக்கு முன்னால் எல்லோருக்கும் கொடுக்க முடியாது, வெளியில் போய்விட்டவர்களைத் தேட வேண்டும். உள்ளூரில் இருப்பவர்களிடமிருந்து ஆரம்பிக்கிறேன்.